பதினாறரை மில்லிமீட்டர்

மாதிரி ரயிலில் ஆசை வைத்த எவரும் முதல் நாளே கேட்டுக்கொள்ளும் எண் 16.5. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, மில்லிமீட்டரில். ஒரு சுண்டுவிரலின் அகலம்தான். ஹாம்பர்க் நகரின் மினியாட்டூர் வுண்டர்லாண்டில் பார்வையாளர்கள் மலைத்துப்போய்ப் பார்க்கும் பாதை இந்த அகலம். அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் மலைகளையும் பாலங்களையும் கடந்து ஓடும் பாதையும், ஜப்பானில் சில வீட்டு மேசைகளில் ஓடும் பாதையும் இதே அகலம். சென்னையில் ஒருவர் மொட்டைமாடி அறையில் பலகை போட்டு ஆரம்பித்தாலும் பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிப்பார். கடையில் வேறு எதுவும் எளிதில் கிடைக்காது.

நூறு வயதைத் தாண்டிவிட்ட இந்த அகலத்துக்கு ஒரு வாழ்க்கைக் கதை உண்டு. அதை எந்த ரயில்வே பொறியாளரும் உட்கார்ந்து தீர்மானித்துப் பிறப்பிக்கவில்லை. பொம்மைக் கடையில் பிறந்து, இரண்டு போர்களின் நடுவே வளர்ந்து, நாடுவிட்டு நாடு போய், போன இடத்திலெல்லாம் அந்தந்த ஊர் ரயிலைத் தன் அளவுக்கு வளைத்துக்கொண்டது. நம் ரயில் மட்டும் இன்னும் சரியாக வளைந்து கொடுக்கவில்லை.

ஆரம்பம் ஜெர்மனியில். 19ஆம் நூற்றாண்டில் தகரத்தில் ரயில் செய்த ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு ஓர் அகலம் வைத்திருந்தது. ஒருவர் செய்த எஞ்சின் இன்னொருவர் செய்த பாதையில் ஏறாது. கோப்பிங்கன் நகரின் மேர்க்லின் நிறுவனம் 1891ல் லைப்சிக் சந்தைக்குச் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும் அதற்கான பாதைத் துண்டுகளையும் கொண்டுவந்தது. அகலங்களுக்கு எண் கொடுத்தது. இந்த ஆண்டு ஒரு வட்டம் வாங்கினால் அடுத்த ஆண்டு ஒரு கிளைப்பாதை சேர்க்கலாம், அதற்கடுத்த ஆண்டு ஒரு ஸ்டேஷன் சேர்க்கலாம். முடிவே இல்லாமல் வளரும் பொம்மை என்ற யோசனை அங்கேதான் வேர்விட்டது. இன்றுவரை இந்தப் பொழுதுபோக்கு நிற்பது அந்த யோசனையின் மேல்தான்.

அன்றைய 1ஆம் எண் பாதை 45 மி.மீ. அகலம். அதில் ஒரு வட்டம் போட்டால் கூடமே நிறைந்துவிடும். சில ஆண்டுகளில் அதைவிடச் சின்னதாக ஒன்று வந்தது. 1க்குக் கீழே எண் இல்லாததால் அதற்கு 0 என்று பெயர். அகலம் 32 மி.மீ. முதல் உலகப்போருக்குப் பின் நடுத்தரக் குடும்பங்கள் சின்ன வீடுகளுக்கு மாறின. தரையில் விரித்து வைத்த ரயிலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் சுருட்டி வைக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசை மேலேயே ஓடக்கூடிய ரயில் வேண்டும் என்ற தேவை எழுந்தது.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் கடை வைத்திருந்த பாசெட்-லோக், அவருக்கு வடிவமைப்பாளராக இருந்த ஹென்றி கிரீன்லி, நியூரம்பெர்க்கின் பெரும் பொம்மை நிறுவனமான பிங் ஆகிய மூவரும் சேர்ந்து 1922ல் அந்த மேசை ரயிலைக் கொண்டுவந்தார்கள். 32ல் பாதி 16. அந்த அளவை ஒட்டிப் பிறந்த பாதை பின்னர் 16.5 ஆக நிலைபெற்றது. ஐரோப்பாவில் அதற்குப் 'பாதி பூஜ்யம்' என்ற பொருளில் ஹெச்ஓ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் இரட்டைப் பூஜ்யம், அதாவது ஓஓ.

நிஜத்தில் உலகின் பெரும்பகுதி ரயில் ஓடுவது 1435 மி.மீ. பாதையில். அதை 87ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அப்படியே 16.5 வரும். ஆக, ரயிலை 87ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பாதைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அப்படியே செய்தன. பிரிட்டனால் முடியவில்லை. ரயில்வேயை முதலில் கட்டிய நாடு அது. சுரங்கங்களும் பாலங்களும் அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளுக்காகவே கட்டப்பட்டவை. பின்னால் வந்த பிரிட்டிஷ் எஞ்சின்களும் அந்தத் துளைக்குள் நுழைய வேண்டியிருந்ததால், ஐரோப்பிய, அமெரிக்க எஞ்சின்களைவிட ஒடுக்கமாகவே இருந்தன. அவற்றை 87ல் ஒரு பங்காக்கினால் அன்றைய சாவி இயந்திரமோ மோட்டாரோ உள்ளே அடங்காது.

அதனால் ரயிலின் உடலை மட்டும் 76ல் ஒரு பங்காகப் பெரிதாக்கினார்கள். ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கு. பாதையைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டால், அந்தப் பாதை நிஜத்தில் 4 அடி 8½ அங்குலத்துக்குப் பதில் 4 அடி 1½ அங்குலம் ஆகிறது. ஏழு அங்குலம் காணாமல் போய்விட்டது. பிரிட்டிஷ் மாதிரி எஞ்சினை நேர் முன்னாலிருந்து பாருங்கள். சக்கரங்கள் உடலுக்கடியில் ஒடுங்கி நிற்பது தெரியும். இதற்காகக் கிரீன்லி தலைமுறையைத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம். எனக்கு அவர்கள்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. கையிலிருந்த மோட்டாரை வைத்து ஒரு தொழிலாளி வீட்டு மேசையில் ரயிலை ஓடவிட அன்று வேறு வழி இல்லை. ஓடாத கச்சிதத்தைவிட ஓடும் சமரசம் பெரிது என்று அவர்கள் நினைத்தது சரிதான்.

பெற்றெடுத்த பிங் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் நொடித்துப்போனது. அந்தக் குடும்பத்தின் ஸ்டெஃபான் பிங் ட்ரிக்ஸ் என்ற பெயரில் மீண்டும் எழுந்தார். 1935ல் லைப்சிக் சந்தையில் ட்ரிக்ஸ் எக்ஸ்பிரஸ் வந்தது. அதே ஆண்டு மேர்க்லினும் இந்த அகலத்தில் மின்ரயிலைக் கொண்டுவந்தது. ட்ரிக்ஸின் பாதையில் மூன்று தண்டவாளங்கள், மூன்றும் தனித்தனியாகக் காப்பிடப்பட்டவை. நடுத் தண்டவாளம் பொது. இடப்பக்கத்தில் மின்சாரம் எடுக்கும் ஒரு ரயிலையும், வலப்பக்கத்தில் எடுக்கும் இன்னொரு ரயிலையும் ஒரே பாதையில் வெவ்வேறு வேகத்தில் ஓட்டலாம். கணினிச் சில்லு இல்லாத காலத்தில் இதைச் செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. ஆனால் ஸ்டெஃபான் பிங் யூதர். நாஜி ஆட்சியில் நிறுவனத்தைக் கைவிட்டு 1938ல் இங்கிலாந்துக்குப் புலம்பெயர வேண்டியதாயிற்று. அவர் உருவாக்கிய ரயில் மட்டும் அவர் இல்லாமல் ஜெர்மனியில் ஓடிக்கொண்டிருந்தது.

அதே 1938ல் லிவர்பூலின் பின்ஸ் ரோடு தொழிற்சாலையிலிருந்து ஹார்ன்பி டப்ளோ வெளிவந்தது. மெக்கானோ என்ற கட்டுமானப் பொம்மையைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பி அதைப் பார்க்க உயிரோடில்லை; 1936லேயே காலமாகிவிட்டார். டப்ளோவின் 'சர் நைஜல் கிரெஸ்லி' எஞ்சினைக் கையில் எடுத்தால் முதலில் உறைப்பது கனம். உடல் முழுவதும் உலோக வார்ப்பு. நீலப் பூச்சு. காற்றைக் கிழிக்க இறங்கிச் சரியும் மூக்கு. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நடுத் தண்டவாளத்தை உரசிக்கொண்டே மின்சாரம் எடுக்கும் உலோக நாக்கு, சிறு வில்லின் மேல் ஏறி இறங்கும். பாதையின் அடித்தகடு தகரம். அதன்மேல் ஜல்லியும் ஸ்லீப்பர் கட்டையும் அச்சடித்த படம். குழந்தைகள் மிதித்தாலும் நசுங்காது. எண்பது வருடத்துக்கு முந்தைய டப்ளோ எஞ்சின்களுக்கு எண்ணெய் விட்டு, மோட்டாரின் கரித் தூரிகையை மாற்றி இன்றைக்கும் ஓட்டுகிறார்கள்.

போர் வந்தது. பொம்மைத் தொழிற்சாலைகள் போர்த்தளவாடம் செய்யப் போயின. போர் முடிந்து டப்ளோ திரும்பி வந்தபோது சந்தையில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ரோவெக்ஸ் என்ற சின்ன நிறுவனம் 1950 கிறிஸ்துமஸுக்காக மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்கு ஒரு பிளாஸ்டிக் ரயில் செட் செய்து கொடுத்தது. டப்ளோவைவிட மலிவு. அதைவிட முக்கியம், அதில் நடுத் தண்டவாளம் கிடையாது. நிஜ ரயில்போல இரண்டே இரண்டு. லைன்ஸ் சகோதரர்கள் ரோவெக்ஸை வாங்கி ட்ரை-ஆங் ரயில்வேஸ் என்று பெயர் வைத்து மார்கேட்டில் பெரிய ஆலை கட்டினார்கள்.

இரண்டு தண்டவாளமா மூன்றா என்ற இந்தச் சண்டையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதில் ஓர் அழகான மின் சிக்கல் இருக்கிறது. இரண்டு தண்டவாளப் பாதையில் ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். எஞ்சினின் ஒரு பக்கச் சக்கரம் வாங்கி மோட்டார் வழியாக மறுபக்கச் சக்கரத்தில் திருப்பிக் கொடுக்கும். அதற்காக ஒவ்வொரு அச்சிலும் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று மின்சாரத்தால் தொடாதபடி காப்பிட்டிருக்க வேண்டும். சரி. இப்போது ரயில் திரும்பி வந்த வழியே போகும்படி ஒரு கண்ணி வடிவ வளைவு போடுங்கள். சுற்றி வந்து சேரும் இடத்தில் வலத் தண்டவாளம் இடத் தண்டவாளத்தோடு போய் முட்டும். ஷார்ட் சர்க்யூட். மூன்று தண்டவாளப் பாதையில் இந்தத் தொல்லை கிடையாது. நடுவில் ஒரு முனை, ஓரங்கள் இரண்டும் மறுமுனை. எப்படித் திருப்பினாலும் இடமும் வலமும் சமம்.

மேர்க்லின் இந்த வசதியை விட மனமில்லாமல் 1950களில் ஒரு தந்திரம் செய்தது. நடுத் தண்டவாளத்தைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையின் நடுவிலும் ஊசித்தலை அளவு உலோகப் புள்ளியை வைத்தது. எஞ்சினின் அடியில் நீண்ட சறுக்குப் பட்டை. ஒரு புள்ளியை விடுவதற்குள் அடுத்ததைத் தொட்டுவிடும். இரண்டடி தள்ளி நின்றால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. மேர்க்லின் இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. ஹார்ன்பி அப்படி எதுவும் யோசிக்காமல் மூன்றாவது தண்டவாளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்து, 1959ல்தான் இரண்டுக்கு மாறியது. அதற்குள் ட்ரை-ஆங் வீடு வீடாகப் புகுந்துவிட்டது. 1964ல் டப்ளோவைச் செய்துவந்த மெக்கானோ நிறுவனமே லைன்ஸ் சகோதரர்களின் கைக்குப் போனது. கனமான டப்ளோவைத் தோற்கடித்த பிளாஸ்டிக் ரயிலுக்கு ஹார்ன்பி பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரில்தான் இன்றும் விற்கிறது. 1990களின் பிற்பகுதியில் தயாரிப்பு மார்கேட்டிலிருந்து சீனாவுக்குப் போய்விட்டது.

இதற்கிடையே கடலுக்கு அப்பால் அகலம் வேறு வேலை பார்த்தது. அமெரிக்காவில் 1935ல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் சக்கர விளிம்பின் உயரம், பாதை பிரியும் பாயிண்டின் இடைவெளி எல்லாவற்றுக்கும் தர அளவுகள் வகுத்தது. எந்த நிறுவனத்தின் வண்டியும் எந்த நிறுவனத்தின் பாதையிலும் ஓடும் நிலை அதனால்தான் வந்தது. ஒரே பாதையில் பல ரயில்களைத் தனித்தனியே இயக்கும் டிஜிட்டல் முறைக்கும் 1990களில் இதே சங்கம்தான் பொது விதி வகுத்தது. அதன் அடிப்படையை உருவாக்கியது ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம். போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள், டோக்கியோ ஜின்சாவின் டென்ஷோடோ போன்ற கடைகளில் பித்தளைத் தகட்டைக் கையால் வெட்டிப் பற்றவைத்த எஞ்சின்களைக் கண்டு அசந்துபோனார்கள். அங்கிருந்து பித்தளை எஞ்சின்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

ஜப்பானியர் தங்கள் ரயிலுக்கு என்ன செய்தார்கள்? அவர்களின் பெரும்பாலான பாதை 1067 மி.மீ. 87ஆல் வகுத்தால் 12தான் வரும். ஆனால் கையில் இருந்தது 16.5. உடலை 80ல் ஒரு பங்காகப் பெரிதாக்கி அதே பாதையில் நிறுத்திவிட்டார்கள். பிரிட்டிஷ் எஞ்சினுக்கு நேரெதிர்: ஜப்பானிய மாதிரியில் சக்கரங்கள் தேவைக்கு மேல் அகன்று நிற்கும். ஆக 76, 80, 87 என மூன்று நாட்டுக் கணக்கு ஒரே பாதையில்.

இந்தச் சமரசம் பிடிக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனில் சிலர் பாதையை 18 மி.மீ.க்கு அகட்டினார்கள். 1960களின் நடுவில் ஒரு குழு இன்னும் துல்லியமாக 18.83 என்று கணக்குப் போட்டு, சக்கர விளிம்பையும் அதற்கேற்ப மெலிதாக்கியது. இவர்களுக்குக் கடை கிடையாது. சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றி அகட்டி மாட்டுவார்கள். பாதையைக் கட்டை கட்டையாக வைத்து, தண்டவாளத்தைச் சட்டத்தில் அளந்து பற்றவைப்பார்கள். ஒரு பாயிண்டுக்கு ஒரு வார மாலைகள் போகும். அவர்கள் செய்த பாதையில் எஞ்சின் நுழைவதை முன்னாலிருந்து பார்த்தால், அந்த ஏழு அங்குலம் திரும்பி வந்துவிட்டது புரியும். ஆனாலும் கடைகள் மாறவில்லை. வீடு வீடாக 16.5 பாதை படிந்து கிடக்கும்போது எந்த நிறுவனமும் அதைத் தூக்கிப்போடச் சொல்லாது. நிஜ ரயிலில், பொறியாளர் புரூனெல் பிரிட்டனில் போட்ட ஏழடிப் பாதை எவ்வளவு சிறந்ததாக இருந்தும், அதைச் சுற்றி 1435 பாதை படிந்துவிட்டதால் 1892ல் பிடுங்கப்பட்டது. பொம்மைக்கும் நிஜத்துக்கும் அந்த விதி ஒன்றே.

பாதை போடும் வேலையை ஒருமுறை அருகில் பாருங்கள். அடியில் பிளைவுட், அதன்மேல் சத்தத்தை உறிஞ்ச மெல்லிய கார்க். வளையும் தண்டவாளம் ஒரு கெஜ நீளத் துண்டாக வரும். வளைத்தால் உள்பக்கத் தண்டவாளம் வெளியே நீட்டிக்கொள்ளும். அதை வெட்ட வேண்டும். வெட்டிய முனையின் பிசிறை அரத்தால் தேய்க்காவிட்டால் சக்கரம் அங்கேதான் தடுக்கும். இணைப்புத் தகட்டை மாட்டிச் சால்டர் வைக்கும்போது எல்லா இணைப்பையும் இறுக்கிவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் தண்டவாளம் நீளும். மழைக்காலத்தில் பலகை ஊதும். சில இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விட்டு, மின்சாரத்துக்குத் தனிக் கம்பி கொடுக்க வேண்டும். பிறகு ஜல்லி. சலித்த கருங்கல் பொடியைத் தூவித் தூரிகையால் கட்டைகளுக்கு நடுவே ஒதுக்கி, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுக் குழாயால் விட வேண்டும். அந்தச் சோப்புச் சொட்டு இல்லாவிட்டால் பசை உருண்டையாகத் திரண்டு ஜல்லியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். மறுநாள் காய்ந்து கல்போல இறுகியிருக்கும். அதன்மேல் முதல் வண்டியைக் கையால் தள்ளிப் பார்க்கும் நேரத்துக்கு ஈடாக இந்தப் பொழுதுபோக்கில் வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

அந்த வண்டி எந்த வண்டி? இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது. இந்தியாவின் பிராட் கேஜ் 1676 மி.மீ. இலங்கையின் பிரதான பாதைகளும் அதே அகலம். யாழ்தேவி ஓடுவதும் அதில்தான். 87ஆல் வகுத்தால் 19.26. அந்த அளவில் பாதையும் சக்கரமும் எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காது. 16.5 பாதைக்குச் சரியாகப் பொருத்த வேண்டுமென்றால் ரயிலை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்க வேண்டும். அப்போது பக்கத்தில் வைக்க மனித உருவம், லாரி, மரம் எதுவும் அந்த அளவில் கிடைக்காது. ஆகவே இந்திய மாதிரி செய்பவர்களில் பெரும்பாலோர் உடலை 87ல் ஒரு பங்காக்கி 16.5ல் நிறுத்துகிறார்கள். பிரிட்டிஷ்காரருக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேர்ந்தது. பாதை ஏழில் ஒரு பங்கு ஒடுங்கிவிடுகிறது.

பக்கவாட்டில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பில் 1955ல் தொடங்கி 2018 வரை அங்கே செய்யப்பட்டவை. நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையின் நீண்ட பயணங்களையெல்லாம் செய்த பெட்டி. உடல் நீளம் 21.3 மீட்டர், மாதிரியில் 24.5 செ.மீ. அதன் முகமே ஜன்னல் கம்பிகள்தான். 12 மி.மீ. கம்பி என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 0.14 மி.மீ. அவ்வளவு மெல்லிய கம்பியை ஜன்னல் ஜன்னலாக வரிசை பிசகாமல் ஒட்டுவது பெரும் சோதனை. சிலர் மெல்லிய பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்து ஒரு பக்கத்தின் ஜன்னல்களை முழுசாக எடுக்கிறார்கள். சிலர் ஒளிபுகும் தாளில் கோடுகளை அச்சிட்டு உள்ளிருந்து ஒட்டுகிறார்கள். கம்பி இல்லாத ஐரோப்பியப் பெட்டிக்கு நீல வண்ணம் அடித்து ஓட்டினால் யாரும் ஏமாற மாட்டார்கள். அந்தக் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்கிய தலைமுறை இது.

எஞ்சினில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் அமெரிக்காவின் ஆல்கோ வடிவம். ஆல்கோவின் அமெரிக்க எஞ்சின்களுக்கு 16.5ல் மாதிரிகள் உண்டு. அவற்றின் மூன்றச்சு போகியும் நம்முடையதும் ஒரே குடும்பம். மோட்டாரோடு அந்த அடிச்சட்டத்தை வாங்கி, மேலே நம் எஞ்சினின் உடலை முப்பரிமாண அச்சில் எடுத்துப் பொருத்தலாம். புனேயின் கோத்ருட் பகுதியில் 1998 முதல் இயங்கும் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம், தனி மனித ஆர்வத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டுகிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடம்.

ஆனால் நான் மெய்யாகவே சொல்ல வருவது பிராட் கேஜைப் பற்றி அல்ல. தமிழ்நாட்டின் பழைய ரயில் என்பது பெரும்பாலும் மீட்டர் கேஜ். எழும்பூரிலிருந்து தெற்கே போன எல்லாம் அதுதான். தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில், 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய மின்ரயில், விழுப்புரம் வரை போன மின் எஞ்சின். 1992ல் ஒரே அகலத் திட்டம் வந்தது. பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கப்பட்டன. தாம்பரம் மீட்டர் கேஜ் 2004ல் நின்றது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010ல் மூடப்பட்டு 2018ல் பிராட் கேஜாகத் திறந்தது. மிச்சம் இருப்பது மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டர் மட்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5. ஐரோப்பாவில் மீட்டர் கேஜ் மாதிரிக்கு அதை 12 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் மீட்டர் கேஜ் என்பதால், ஜெர்மனியின் பெமோ நிறுவனம் 12 மி.மீ. பாதையும் வண்டிகளும் செய்து விற்கிறது. பல்சக்கரத்தால் ஏறும் எஞ்சின்களையும் அதற்கான பற்பாதையையும்கூடச் செய்கிறது. நீலகிரியில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இருப்பதும் அதே சுவிஸ் அப்ட் முறைப் பற்பாதை. அதில் ஏறும் எக்ஸ் வகை எஞ்சினை முதலில் செய்ததும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை. பிராட் கேஜுக்கு உலகம் தராத பாதையை மீட்டர் கேஜுக்குத் தந்திருக்கிறது. 16.5ன் சமரசம் இங்கே தேவையே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நிஜப் பாதையின் வளைவை வீட்டுக்குள் கொண்டுவருவது மாதிரி ரயிலில் ஏறக்குறைய முடியாத காரியம். பிராட் கேஜின் மிதமான ஒரு வளைவைச் சுருக்கினாலே பத்து, இருபது மீட்டர் ஆரம் கேட்கும். எல்லோரும் வளைவைக் குறுக்கி ஏமாற்றித்தான் ஆக வேண்டும். நீலகிரிப் பாதையின் மிகக் கூர்மையான வளைவு சுமார் 100 மீட்டர் ஆரம். 87ல் ஒரு பங்காக்கினால் 1.15 மீட்டர். ஓர் அறைக்குள் ஏமாற்றாமல் போட்டுவிடலாம். ஏற்றம் 12.28க்கு 1, ஒரு மீட்டர் பலகையில் எட்டு செ.மீ. உயரும். வெறும் சக்கரப் பிடிப்பில் ஏறாது, நிஜத்தில்போலவே பற்பாதை வேண்டும். பெட்டிகளைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு எஞ்சின் ஏறுவதை, உயரமும் வளைவும் பொய்யில்லாமல் ஓர் அறையில் காட்ட முடிகிற பாதைகள் உலகில் சிலவே. அவற்றில் ஒன்று நம்மிடம் இருக்கிறது.

தடை பாதையில் இல்லை, நிஜக் கட்டடங்களின் அளவுகள் கிடைக்காததில் இருக்கிறது. பிரிட்டனில் ஒருவர் 1930ல் ஓடிய ஒரு கிராமத்து ஸ்டேஷனைச் செய்ய நினைத்தால் கட்டட வரைபடம், கைகாட்டியின் உயரம், பெயர்ப்பலகையின் எழுத்தளவு வரை புத்தகங்களில் கிடைக்கும். அந்தந்தக் காலத்து ஆர்வலர்கள் டேப்பும் நோட்டுமாக அலைந்து அளந்து வைத்த பலன் அது. தென்னிந்திய மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களுக்கு அப்படிப்பட்ட தொகுப்பு எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை. படங்கள் ஏராளம், அளவுகள் மிகக் குறைவு. பாதை போய்விட்டாலும் பல இடங்களில் ஓட்டுக்கூரை ஸ்டேஷன் கட்டடமும், தண்ணீர்த் தொட்டியின் கல்தூணும், கேட் கீப்பர் அறையும், பயன்படாத பாலத்தின் தூண்களும் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் சில இடிபடுகின்றன. ஓய்வுபெற்ற கேங்மேன்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் டோக்கன் பந்து எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருந்தது, கைகாட்டி எந்தக் கம்பத்தில் இருந்தது என்று கைநீட்டிச் சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கட்டடம் மிச்சமிருந்தால், மாதிரி ரயிலில் உங்களுக்கு நாட்டம் இல்லாவிட்டாலும் ஒரு உதவி செய்யுங்கள். ரயில்வே இடமானால் முதலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரின் நீளம், கதவின் அகலம், ஜன்னலிலிருந்து ஜன்னல் எவ்வளவு, பிளாட்பாரத்தின் உயரம், எல்லாவற்றையும் டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். எட்டாத உயரத்துக்கு, சுவரோடு ஒரு மீட்டர் கோலை நிறுத்தி, நேர் எதிரே தள்ளி நின்று படம் எடுங்கள். கோலை வைத்து மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நான்கு பக்கமும் எடுங்கள், பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். எடுத்ததை ஒரே இடத்தில் வைக்காமல் நாலு பேருக்குக் கொடுத்து வையுங்கள்.